புதுப் பாலம் வந்தால் மேல்புறம் மூழ்குமா? அணுகுசாலை உயரம், கண்ணளவு, வெள்ளக் கணக்கு

#1 ஓடைமேடு

கிராமச் சாலை ஓடையைக் கடக்கும் இடம். இப்போது இருப்பது 12 மீட்டர் கண் (தண்ணீர் போகும் திறப்பு) உள்ள பழைய சிறுபாலம். இரண்டு பக்கமும் சாலை வயல் மட்டத்திலேயே கிடக்கிறது. பெருமழைக்கு ஓடை நிரம்பி, சுமார் 200 மீட்டர் நீளத்துக்குச் சாலை மேலேயே தண்ணீர் போகும். அரை நாள் போக்குவரத்து நிற்கும், பிறகு வடிந்துவிடும். வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததில்லை.

புதுத் திட்டத்தின் வரைபடம் பார்வைக்கு வந்திருக்கிறது. பாலத்தின் கண் அதே 12 மீட்டர். தளம் மட்டும் 1.5 மீட்டர் உயர்கிறது. அதற்கேற்ப அணுகுசாலையை இருபுறமும் மண் நிரப்பி உயர்த்துகிறார்கள். வடிவமைப்பு வெள்ளம் எவ்வளவு என்று வரைபடத்தில் எங்கும் இல்லை. மேல்புறத்தில், அதாவது ஓடை வரும் பக்கத்தில், வீடுகளும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. பாலம் வருவதை யாரும் எதிர்க்கவில்லை. இந்த அமைப்பில் மேல்புறம் மூழ்குமா, கருத்துக் கேட்புக்கு முன் எதையெதைச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

#2 நீரோட்டம்

மூழ்கும். காரணம் பாலம் இல்லை, அணுகுசாலை. இன்றைக்கு அந்த 200 மீட்டர் சாலையும் வெள்ள நேரத்தில் பாலத்தின் ஒரு பகுதியாக வேலை செய்கிறது. அதன் மேல் வழிகிற தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாலையை உயர்த்தியதும் அந்த வழி அடைபட்டுவிடும்.

எவ்வளவு தண்ணீர் என்று போட்டுப் பார்க்கலாம். சாலை மேல் வழியும் நீருக்கு அகன்ற முடி கொண்ட கலிங்கின் (நீர் மேலே வழிந்தோடும் சுவரின்) கணக்குப் பொருந்தும். வழியும் அளவு = 1.7 × நீளம் × (தலைநீர் உயரம்)^1.5. தலைநீர் என்பது சாலை உச்சிக்கு மேல் மேல்புற நீர்மட்டம் நிற்கும் உயரம், சாலை மேல் அளந்த ஆழம் இல்லை. உச்சியில் நிற்கும் ஆழம் தலைநீரில் மூன்றில் இரண்டு பங்குதான். சாலை மேல் 20 செ.மீ. ஓடினால் மேல்புறத்தில் 30 செ.மீ. நிற்கிறது என்று பொருள்.

0.3 மீட்டருக்கு 1.5 அடுக்கு 0.164. அதை 200-ஆலும் 1.7-ஆலும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 55 கனமீட்டர் கிடைக்கும். பழைய கண்ணில் 2 மீட்டர் ஆழத்துக்கு, விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினால் 12 × 2 × 1.5 = 36. ஆக மொத்தம் 91. வெள்ளத்தில் பாதிக்கு மேல் சாலை மேல் போயிருக்கிறது.

இனி 91-உம் 12 மீட்டர் கண்ணுக்குள் போக வேண்டும். பரப்பு 24 சதுர மீட்டர், எனவே வேகம் 3.8 மீட்டர். அந்த வேகத்தை உண்டாக்கத் தேவையான மட்ட வித்தியாசம் V²/2g (V வேகம், g புவியீர்ப்பு முடுக்கம்), அதாவது 3.8 × 3.8 ÷ 19.62. கிட்டத்தட்ட முக்கால் மீட்டர். அந்த முக்கால் மீட்டரும் மேல்புறத்தில்தான் ஏறும். ஓடைச் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்றால் அந்த எதிரேற்றம் குறைந்தது 700 மீட்டர் பின்னால் போகும். நடைமுறையில் வால் இன்னும் நீளும்.

#3 அணுகுசாலை

கணக்கில் ஒரு திருத்தம். கீழ்ப்புற வயலிலும் தண்ணீர் நிற்கும்போது 1.7 என்ற கெழு அப்படியே நிற்காது. கீழ்ப்புற மட்டம் தலைநீரில் 80 சதவீதத்தைத் தாண்டினால் வழியும் அளவு சரசரவென்று குறையும். 55 என்பது மேல் வரம்பு. 40 என்று வைத்தால் மொத்தம் 76, வேகம் 3.2, ஏற்றம் அரை மீட்டர்.

ஆனால் சாலையை உயர்த்துவதே தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். ஊருக்கு அது ஒரே வழி என்றால், பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆம்புலன்ஸ் போக வேண்டும். வேகமாக ஓடும் நீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய காரைத் தள்ளிக்கொண்டு போகும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். வழியும் சாலையில் உயிர் போவதும் வெள்ளச் சேதம்தான். உயர்த்துவதோடு கண்ணையும் அகலப்படுத்தச் சொல்லுங்கள் என்பதே சரியான கோரிக்கை.

#4 நீரோட்டம்

அரை மீட்டர் ஏறினாலும் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் அல்லவா? ஆனால் 80 சதவீதத் திருத்தம் சரிதான், ஏற்கிறேன். ஆம்புலன்ஸ் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன்.

அகலம் எவ்வளவு என்பதற்கு ஒரு ஒப்பீடு. வண்டல் மண் படுகைக்குப் பாசனப் பொறியாளர் லேசி 1930-இல் கொடுத்த சமன்பாட்டில் நிலையான நீர்வழி அகலம் 4.8 × √வெள்ளம். 90 கனமீட்டருக்கு 45 மீட்டர் வருகிறது. லேசியின் கணக்கு வண்டலில் தானே படுகையைச் செதுக்கிக்கொண்ட ஆறு, கால்வாய்களுக்கானது. பாறைப் படுகைக்கும் செங்குத்தான காட்டாற்றுக்கும் பொருந்தாது. ஆகவே 45 மீட்டர் பாலம் கேளுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் 12-க்கும் 45-க்கும் இடையில் இத்தனை தூரம் இருக்கும்போது, 12 எப்படி வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். பல இடங்களில் பழைய பாலத்தின் அளவை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள்.

#5 மட்டக்கோல்

கணக்குக்கு முன் ஒரு கேள்வி. நெருக்கடி பாலத்திலா, அதற்குக் கீழேயா? ஓடை சற்றுத் தள்ளிப் பெரிய ஆற்றில் சேர்கிறது, ஆறு பெருகும்போது ஓடை எதிர்த்து நிற்கிறது என்றால், பாலத்தை 50 மீட்டர் ஆக்கினாலும் மேல்புற மட்டம் ஓர் அங்குலம் குறையாது.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேவையில்லை. வெள்ள உச்சத்தில் பாலத்துக்கு மேலேயும் கீழேயும் நீர்மட்டம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். வித்தியாசம் 5 செ.மீ.க்குள் இருந்தால் பாலம் தடையில்லை, கீழேயிருந்துதான் தேங்குகிறது. 20, 30 செ.மீ. இருந்தால் தடை இங்கேயே.

உச்சம் நள்ளிரவில் வரும், யாரும் நின்று அளக்க முடியாது. அதற்கு உச்சமானி போதும். 50 மி.மீ. குழாய், 2 மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் மூடி. கீழ் மூடியைச் சுற்றி 6 மி.மீ. துளை ஐந்தாறு. மேல் மூடிக்குக் கீழே சின்னத் துளை ஒன்று கட்டாயம். அது இல்லையென்றால் உள்ளே காற்று அடைபட்டு, வெளியே நீர் ஏறினாலும் உள்ளே ஏறாது. குழாய்க்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு மரச்சட்டம். அடியில் கைப்பிடி அளவு பொடித்த தக்கைத் தூள். நீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும். இறங்கும்போது உச்ச மட்டத்தில் சட்டத்தில் ஒட்டி வரியாக நின்றுவிடும். வெள்ளம் வடிந்ததும் சட்டத்தை உருவி, பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, கழுவி, புதுத் தூள் போட்டு வையுங்கள்.

எங்கே நடுவது என்பது முக்கியம். கண் வாயருகே நீர் சரிந்து உள்ளே இறங்கும், அங்கே வைத்தால் குறைத்துக் காட்டும். மேல்புறத்தில் கண்ணின் அகலம் அளவு தள்ளியும், கீழ்ப்புறத்தில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தள்ளியும், ஓட்டத்தின் இழுப்பு இல்லாத கரையோரமாக நடுங்கள்.

#6 ஓடைமேடு

நன்றி சார். இரண்டு உச்சமானியின் மட்டத்தை எப்படி ஒப்பிடுவது? லெவல் கருவி இல்லை. பழைய வெள்ளத்துக்கு ஏதாவது தடயம் எடுக்க முடியுமா?

#7 மட்டக்கோல்

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 20 மீட்டர் நீளத்துக்கு உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. தவறு பெரும்பாலும் குமிழியால்தான் வரும். முதலில் இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் ஒரே மட்டத்தில் நின்றால்தான் வேலையைத் தொடங்கலாம். பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து, மட்டத்தை முளைக்கு முளை கடத்திக்கொண்டு போங்கள். அதே வழியில் திரும்பி வந்து தொடங்கிய புள்ளியில் முடியுங்கள். 2 செ.மீ.க்குள் ஒத்து வந்தால் இந்த வேலைக்குப் போதும்.

பழைய வெள்ளத்துக்குச் சுவரில் உள்ள வண்டல் கோடு நல்ல சாட்சி. மரத்திலும் வேலியிலும் தொங்கும் குப்பையை நம்ப வேண்டாம். ஓட்டம் மோதும் பக்கத்தில் நீர் ஏறி நிற்கும், குப்பை உண்மை மட்டத்துக்கு மேலே மாட்டும். ஓட்டம் படாத பின்சுவர், கொட்டகையின் உட்சுவர் இவற்றில் கோடு எடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் எந்த ஆண்டு வெள்ளம் என்று கேட்டு எழுதுங்கள். ஒரே வெள்ளத்துக்கு மேல்புறம் நாலு, கீழ்ப்புறம் நாலு கோடு கிடைத்தால் மழைக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

#8 ஓடைமேடு

இன்னொன்று. கண்ணை அகலப்படுத்தாமல், அணுகுசாலையில் அங்கங்கே 60 செ.மீ. குழாய் பதித்து விடுகிறோம் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். போதுமா?

#9 நீரோட்டம்

போதவே போதாது. 1 மீட்டர் விட்டக் குழாய் ஒன்று, வாயில் 1.2 மீட்டர் நீர் நின்றால் சுமார் ஒன்றரை கனமீட்டர் கடத்தும். இங்கே இழக்கும் 40 கனமீட்டருக்கு அப்படி 26, 27 குழாய் வேண்டும். விட்டம் குறைந்தால் கொள்ளளவு அதைவிட வேகமாகக் குறையும். விட்டத்தின் 2.5 அடுக்கு விகிதம் என்பதால் 60 செ.மீ. குழாய் நாலு சேர்ந்தால்தான் ஒரு மீட்டர் குழாய் ஒன்றுக்கு ஈடு. அதையும் வண்டலும் வாழைத்தண்டும் முதல் மழையிலேயே பாதி அடைத்துவிடும். ஆள் குனிந்து உள்ளே போக முடியாத குழாயை யாரும் தூர்வாரப் போவதில்லை.

வெள்ளச் சமவெளியில் துணைக் கண் வேண்டுமென்றால் பெட்டிக் கல்வெர்ட்டாக (பெட்டி வடிவக் கான்கிரீட் சிறுபாலமாக) கேளுங்கள். 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் ஒன்றின் பரப்பே 4.5 சதுர மீட்டர். அவற்றைச் சமதூரத்தில் வைக்காமல், பழைய வெள்ளத்தில் சாலை மேல் ஆழமாக ஓடிய இடங்களில், வயலின் இயற்கையான தாழ்விலேயே வைக்க வேண்டும். தரைமட்டமும் அந்தத் தாழ்வின் மட்டமே. வெளியே வரும் நீர் ஓடைக்குத் திரும்பப் பாதை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கீழ்ப்புறத்து வயல்காரரின் வரப்பு அறுந்துபோகும்.

#10 சென்ட்ரிங்

கட்டுமானப் பக்கத்துல இருந்து சில விஷயம் சேர்க்கிறேன். பாலம் முடிஞ்ச பிறகு வர்ற வெள்ளத்தை எல்லாரும் பேசுறோம். ஆனா பாதி ஊர் மூழ்குறது பாலம் கட்டிக்கிட்டு இருக்கும்போது.

தற்காலிக மாற்றுப்பாதைன்னு ஓடைக்குக் குறுக்கே கிராவல் கொட்டி ரெண்டு மூணு குழாய் போடுவாங்க. அந்த மேடுதான் அணை. பக்கத்துல புதுப் பாலத்தோட சென்ட்ரிங் முட்டு ஓடைக்குள்ளேயே காடு மாதிரி நிக்கும். தளம் கான்கிரீட் போட்டு மூணு நாலு வாரம் அதைப் பிரிக்கவும் முடியாது. அந்த நேரத்துல ஒரு மழை பெய்ஞ்சா, வர்ற முள்ளும் கட்டையும் முட்டுல மாட்டி மொத்த வாயும் அடைச்சிடும். அதனால இதையெல்லாம் எழுத்துல வாங்கணும்:

மாற்றுப்பாதையோட உச்சி மட்டம், மேல்புறத்துல ரொம்பத் தாழ்வா இருக்கிற வீட்டுத் தரையைவிட அரை மீட்டராவது கீழே இருக்கணும். நடுவுல பத்து மீட்டர் இன்னும் 30 செ.மீ. தாழ்த்தி மணல் மூட்டையில கட்டணும். வெள்ளம் வந்தா அந்த இடம் முதல்ல உடையணும், அதுக்குத்தான். கிராவலும் குழாயும் மழைக்காலத்துக்கு முன்னாடி பழைய படுகை மட்டம் வரைக்கும் எடுக்கப்படணும். "எடுத்தாச்சு"ன்னு மேலோட்டமா வாரிட்டுப் போறது வழக்கம், அடியில ஒரு மீட்டர் அப்படியே கிடக்கும். வேலை தொடங்குறதுக்கு முன்னாடி படுகையை அஞ்சு மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டா மட்டம் எடுத்து வெச்சாத்தான் பிறகு கேக்க முடியும்.

அடுத்து அபட்மென்ட், அதாவது பாலம் கரையில உட்கார்ற சுவர், அதுக்குப் பின்னாடி நிரப்புற மண்ணு. பாலத்துல ஏறுற இடத்துல வண்டி தூக்கிப்போடுதுன்னா, அங்க மண்ணு சரியா இறுகலைன்னு அர்த்தம். கரிசல் மண்ணு, இடிச்ச கான்கிரீட், செடி வேரோட வர்ற மண்ணு எதுவும் கூடாது. கிராவல் 20 செ.மீ. அடுக்கா பரப்பி, தண்ணி தெளிச்சு, ஒவ்வொரு அடுக்கும் இறுக்கின பிறகுதான் அடுத்தது. சுவருக்கு ஒன்றரை மீட்டர் கிட்டத்துல பெரிய ரோலர் போகக் கூடாது, சுவரைத் தள்ளும். அங்க சின்ன அதிர்வு ரோலர், தட்டு இறுக்கி. சுவரை ஒட்டி 60 செ.மீ. கனத்துக்கு உடைகல் வடிகட்டி, சுவர்ல 10 செ.மீ. வடிகுழாய் மீட்டருக்கு ஒண்ணு, வெளிப்பக்கம் சாய்வா. நிறைய இடத்துல குழாய் வெளியே தெரியும், பின்னாடி வடிகட்டியே இருக்காது. வெள்ளம் சட்டுனு இறங்கும்போது உள்ளே நின்ன தண்ணி போக வழியில்லாம மொத்தச் சுவரையும் முன்னாடி தள்ளும்.

#11 அணுகுசாலை

சென்ட்ரிங் அண்ணே சொன்ன வடிகட்டி பெரும்பாலான வரைபடத்தில் இருக்கும், இடத்தில் இருக்காது. மண் மூடுவதற்கு முன் படம் எடுத்து வைப்பது ஊரால் செய்யக்கூடிய காரியம்.

நீரோட்டத்தின் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். 12 மீட்டரை 45 ஆக்க நிதி கிடைக்காது என்ற நிலையில் நடுவழி ஒன்று உண்டு. பாலத்தை உயர்த்துங்கள், ஆனால் அணுகுசாலை முழுவதையும் உயர்த்தாதீர்கள். பாலத்திலிருந்து தள்ளி, வீடுகள் இல்லாத பக்கத்தில் 80, 100 மீட்டர் நீளத்தை இன்றைய மட்டத்திலேயே விட்டு, அதை வழியும் சாலையாகவே கட்டலாம். சிறு வெள்ளம் பாலத்துக்கு அடியில் போகும், போக்குவரத்து நிற்காது. பெருவெள்ளத்துக்கு அந்தத் தாழ்வில் வழியும், வீட்டுக்குள் ஏறாது. சில மணி நேரம் சாலை மூடப்படும், அதற்கு மாற்றுவழி குறித்திருக்க வேண்டும்.

வெறுமனே தாழ்வாக விட்டால் சாலை அடித்துப்போகும். அரிப்பு எப்போதும் கீழ்ப்புறத் தோளில் (தாருக்கு வெளியே உள்ள சாலை ஓரத்தில்) தொடங்கும். சாலை மேலிருந்து நீர் சரிவில் இறங்கும்போது வேகம் பிடித்து, தார் ஓரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டும். தார் பாலம்போல் கொஞ்ச நேரம் நின்று பிறகு உடையும். ஆகவே தாழ்வுப் பகுதிக்கு முழு அகலக் கான்கிரீட் தளம், கீழ்ப்புறச் சரிவு முழுக்கக் கான்கிரீட் அல்லது சிமென்ட் கலவையில் பதித்த கல், இரண்டு ஓரத்திலும் தரைக்குள் இறங்கும் வெட்டுச்சுவர். மேல்புறத்தில் ஒரு மீட்டர், கீழ்ப்புறத்தில் ஒன்றரைக்குக் குறையாமல். அதற்கப்பால் வடிதுணி (நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் துணி) விரித்து, அதன் மேல் 40 கிலோவுக்குக் குறையாத தளர்கல் 3 மீட்டர் அகலத்துக்கு. இரண்டு பக்கமும் சிவப்பு வெள்ளை ஆழக் கம்பம். 20 செ.மீ.யில் சிவப்புக் கோடு, அதற்கு மேல் எந்த வண்டியும் இறங்கக் கூடாது.

#12 நீரோட்டம்

இதற்கு முழு ஆதரவு. அந்த 100 மீட்டர் தாழ்வு மட்டுமே 30 செ.மீ. தலைநீருக்கு 28 கனமீட்டர் வரை கொடுக்கும். கண்ணையும் 12-லிருந்து 20 ஆக்கினால், 91 கனமீட்டருக்கும் ஏற்றம் 15 செ.மீ. அளவில் நிற்கும்.

அஸ்திவாரத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. குறுகிய கண்ணுக்குள் வேகம் கூடினால் படுகை அரிக்கும். லேசியின் அரிப்பு ஆழம் 1.35 × (q²/f)^(1/3). q என்பது ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் அளவு. 90-ஐ 12-ஆல் வகுத்தால் 7.5. வண்டல் காரணி f (படுகை மண்ணின் பருமனைக் காட்டும் எண்) ஒன்று என்றால் அரிப்பு வெள்ள மட்டத்துக்குக் கீழே 5.2 மீட்டர். அபட்மென்ட் ஓரத்தில் 1.27 மடங்கு, அதாவது 6.6. நீராழம் 2 மீட்டர் போக, படுகைக்குக் கீழே நாலரை மீட்டர் பள்ளம் விழலாம். அஸ்திவாரம் அதற்கும் கீழே உட்கார வேண்டும், அல்லது படுகை முழுக்கத் தளமும் வெட்டுச்சுவரும் போட்டு அரிப்பைத் தடுக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டில் எது என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் இரண்டு மீட்டர் ஆழத்தில் நிற்கும் அபட்மென்ட் ஆபத்து.

இது ஏட்டுக் கவலை இல்லை. 1987 ஏப்ரல் 5-இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். தூணடியில் போட்ட பாதுகாப்புக் கல் அடித்துப்போயிருந்தது, மறுபடி போடவில்லை. அஸ்திவாரம் அரித்துத் தூண் சாய்ந்தது. 2001 மார்ச் 4-இல் போர்ச்சுகலில் ஹின்ட்ஸே ரிபெய்ரோ பாலம் விழுந்தது, 59 பேர் இறந்தார்கள். அங்கே ஆற்றில் நெடுங்காலம் மணல் அள்ளியதும் படுகை தாழக் காரணம். பாலத்துக்கு மேலும் கீழும் மணல் அள்ளுவதை ஊர் அனுமதித்தால், எவ்வளவு நல்ல வடிவமைப்பும் நிற்காது.

#13 சென்ட்ரிங்

கைப்பிடிச் சுவர் பத்தி ஒரு வரி. தண்ணி தளத்தைத் தொடும் வாய்ப்பு இருந்தா கெட்டிச் சுவர் வேண்டாம், கம்பிதான். கெட்டிச் சுவர் ஒரு மீட்டர் கூடுதல் அணை. உத்தரங்களுக்கு நடுவுல காற்று அடைபட்டுத் தளம் மிதந்து தூக்கிக்கும், காற்றுத் துளை விடச் சொல்லுங்க. வெள்ள மட்டத்துக்கும் தளத்தோட அடிக்கும் நடுவுல 90 செ.மீ.யாவது இடைவெளி இருக்கா, மரம் மிதந்து வர்ற ஓடைன்னா அதுக்கு மேலயே இருக்கான்னு பாருங்க.

#14 வரப்பு

பாலத்தைச் சுற்றியே பேச்சு போகிறது. ஊருக்குள் தேங்குவதில் பாதி ஓடைத் தண்ணீரே இல்லை, சாலையோர வடிகால் பிரச்சினை. புதுச் சாலை போடும்போது இதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் இன்னொரு வாய்ப்பு வராது.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 செ.மீ. ஏறும். நாலைந்து முறை ஆனதும் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துவிடும். வீடுகளுக்கு நடுவே போகும் நீளத்தில் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சாலை முடிந்த மட்டம் வரைபடத்தில் ஒவ்வொரு 20 மீட்டருக்கும் இருக்கும். அதையும் வீட்டு வாசல் மட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வீடு மாட்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதச் சாய்வு, மண் தோளுக்கு 4 சதவீதம். தோளில் புல் வளர்ந்து மண் சேர்ந்து தாரைவிட உயர்ந்துவிட்டால் நீர் சாலை ஓரத்திலேயே நிற்கும். அது அடித்தளத்துக்குள் இறங்கி, ஜல்லி இளகி, ஓரம் உடையத் தொடங்கும். தோளைச் செதுக்குவது செலவே இல்லாத பராமரிப்பு.

வடிகால் 45 செ.மீ. அகலம், 60 ஆழம் என்று அழகாகக் கட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வண்டி ஏற 15 செ.மீ. பிளாஸ்டிக் குழாயைப் போட்டு மேலே மண் மூடிவிடுவார்கள். மொத்த வடிகாலின் கொள்ளளவும் அந்த ஒரு குழாய் அளவுக்கு வந்துவிடும். வாசலுக்குக் குழாயே வேண்டாம். வடிகால் மேல் 60 செ.மீ. நீளத் துண்டு மூடிகள், இரண்டு பேர் தூக்கக்கூடிய எடையில், கொக்கி மாட்டக் கண்ணோடு. அடைத்தால் தூக்கிவிட்டு வாரலாம். வடிகால் சரிவு 300-க்கு ஒன்று. அதைவிடக் குறைந்தால் மண் படியும்.

ஓடையில் கோரையும் ஆகாயத்தாமரையும் வளர விட்டால் பாலம் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. மேனிங் சமன்பாட்டில் சுத்தமான மண் ஓடைக்கு உராய்வெண் 0.03, செடி மண்டினால் 0.06-க்கும் மேல். 1.2 மீட்டர் நீரியல் ஆரம் (நீரின் குறுக்குப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது), ஆயிரத்துக்கு ஒன்று சரிவு என்றால் வேகம் 1.2 மீட்டரிலிருந்து 0.6-க்கு இறங்கும். அதே ஓடை, பாதித் தண்ணீர்.

#15 கீழ்மடை

கீழ்ப்புற ஊர்க்காரர் சார்பில் ஒரு கேள்வி. நீங்கள் கண்ணை அகலப்படுத்தித் தண்ணீரை வேகமாக விட்டால் எங்களுக்கு வருவது கூடாதா? இதுவரை மேலே தேங்கி மெதுவாக வந்தது.

#16 நீரோட்டம்

நியாயமான கேள்வி. இன்றைய நிலையில் சாலை மேல் வழிந்து மொத்த வெள்ளமும் உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணையும் தாழ்வுச் சாலையையும் சேர்த்து இன்றைய அளவையே கடத்தும்படி அமைத்தால், கீழே உச்சம் கூட வாய்ப்பில்லை. கூடுவது எப்போது என்றால், மேலே பரந்து நின்ற நிலத்தைக் கரை போட்டு அடைத்தாலோ, ஓடையை நேராக்கி ஆழப்படுத்தினாலோ. பாலத்தோடு சேர்த்து "ஓடை சீரமைப்பு" என்று ஏதாவது இணைத்திருக்கிறார்களா என்று கீழ் ஊர் கட்டாயம் பார்க்க வேண்டும். கண்ணிலிருந்து நீர் வெளிவரும் வேகம் இன்னொரு கவலை. 2 மீட்டருக்கு மேல் போனால் மண் கரை தாங்காது, இரு கரைக்கும் கல் பதிக்க வேண்டும்.

வடிவமைப்பு வெள்ளத்தைச் சரிபார்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். சிறிய வடிநிலத்துக்கு 0.278 × C × மழைச் செறிவு × பரப்பு. C என்பது பெய்த மழையில் ஓடிவரும் பங்கு, பரப்பு சதுர கிலோமீட்டரில், செறிவு மணிக்கு மி.மீ.யில். 5 சதுர கிலோமீட்டர், 60 மி.மீ., C 0.5 என்றால் 42 கனமீட்டர். தவறு செறிவில்தான் நடக்கும். நாள் மழையை 24-ஆல் வகுத்துப் போட்டால் மிகச் சிறிய எண் வரும். வடிநிலத்தின் தொலைமுனையிலிருந்து நீர் பாலத்துக்கு வந்து சேரும் நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரத்துக்கான செறிவை எடுக்க வேண்டும். 4 கிலோமீட்டர் நீளம், 200-க்கு ஒன்று சரிவு என்றால் கிர்பிச் சமன்பாட்டில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆக, ஒன்றரை மணி நேரப் பெருமழையின் செறிவு.

"50 ஆண்டு வெள்ளம்" என்றால் 50 ஆண்டுக்கு ஒரு முறைதான் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் 2 சதவீத வாய்ப்பு. பாலம் 50 ஆண்டு நின்றால் அந்தக் காலத்துக்குள் ஒரு முறையாவது வர 64 சதவீத வாய்ப்பு. 25 ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தால் 87 சதவீதம். எனவே அதைவிடப் பெரியது வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதற்கும் வரைபடத்தில் பதில் வேண்டும்.

#17 ஓடைமேடு

எல்லாருக்கும் நன்றி. மனுவில் கேட்கப் போவது இவை: வடிவமைப்பு வெள்ளம் எத்தனை கனமீட்டர், எத்தனை ஆண்டு வெள்ளம், இன்று சாலை மேல் வழியும் அளவு கணக்கில் சேர்ந்ததா, பாலம் வந்த பிறகு பள்ளிக்கூட வாசலில் மட்டம் எவ்வளவு ஏறும், அஸ்திவார ஆழமும் அரிப்புக் கணக்கும், வழியும் தாழ்வுக்கு மாற்று வரைபடம், மாற்றுப்பாதையின் உச்சி மட்டமும் அதை அகற்றும் தேதியும், ஊருக்குள் பழைய தார் சுரண்டல், வாசல் மூடிகள். விட்டுப்போனது ஏதாவது?

#18 அணுகுசாலை

மாற்று வரைபடத்தின் செலவு ஒப்பீட்டையும் கேளுங்கள். உயர்த்த வேண்டிய மண் 100 மீட்டர் நீளத்துக்குக் குறைகிறது, அந்தச் சேமிப்பில் கண் அகலத்தின் ஒரு பகுதி வந்துவிடும். இதைச் சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் காது கொடுப்பார்.

#19 சென்ட்ரிங்

பராமரிப்பு யார் பொறுப்புன்னு பெயர்ப் பதவியோட எழுதி வாங்குங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒரு தடவை கண்ணைப் பார்க்கணும்: தளர்கல் நகர்ந்திருக்கா, வெட்டுச்சுவருக்குக் கீழே பள்ளமா, வடிகுழாய்ல மண்ணு வருதா. மண்ணு கலந்து வந்தா உள்ளே நிரப்பு கரையுதுன்னு அர்த்தம்.

#20 மட்டக்கோல்

விட்டுப்போனது ஒன்று உண்டு. வரைபடத்தின் மட்டக் குறிப்புப் புள்ளி எங்கே என்று பாருங்கள். பல நேரம் அது பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேலேயே இருக்கும். பாலத்தை இடித்ததும் புள்ளி போய்விடும். பிறகு சாலை எவ்வளவு உயர்ந்தது, படுகை எவ்வளவு மேடானது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வேலை தொடங்கும் முன் அந்த மட்டத்தை இடிபடாத இரண்டு இடத்துக்கு மாற்றுங்கள். பள்ளிக்கூடத்தின் அஸ்திவார மேடை ஒன்று, கோயில் அல்லது மேல்நிலைத் தொட்டியின் தூண் இன்னொன்று. உளியால் கிடைக்கோடு வெட்டி, பெயின்ட் அடித்து, மட்டத்தை எழுதி, பொறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். உச்சமானிகளையும் வண்டல் கோடுகளையும் அதே புள்ளிக்குக் கட்டிவையுங்கள்.